கிழக்கே பார்த்த சீல்

“தூக்கி வச்ச தெருவுக்கு எண்ணெயைக் காட்டிலும்…” என்று தொடங்கி என் சித்தப்பா அடிக்கடி ஒன்று சொல்வார். பின்பாதி எனக்கு நினைவில்லை. ‘பொறுமைதான் முக்கியம்’ என்று முடிப்பாரா, ‘மரியாதைதான் முக்கியம்’ என்று முடிப்பாரா தெரியவில்லை. அவர் பேசும்போது என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்.

எங்கள் ஊரின் கரையடித் தெருவை, பதினொரு வீடுகளோடும் ஒரு ரேஷன் கடையோடும், நாற்பது வருடங்களாக எங்கள் டிராக்டர்தான் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஐப்பசியில் குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தால் தண்ணீர் அந்தத் தெரு வழியாகத்தான் போகும். அதனால் சித்தப்பா கலப்பையைக் கழற்றிவிட்டு, வண்டியின் பின்பக்க லிப்ட்டில் தெருவை மாட்டி ஐந்தடி உயர்த்தினார். உழவுக்கு வாடகை வண்டி பிடித்துக்கொண்டோம்.

நான் இருபத்தொரு வருடம் மஸ்கட் துறைமுகத்தில் கிரேன்களுக்கு ஹைட்ராலிக் வேலை பார்த்தவன். சித்தப்பா காலமானதும் வண்டியை ஏற்றுக்கொள்ள ஊர் திரும்பினேன். டிராக்டரின் கையேட்டை ஆங்கிலத்திலும் தெருவின் கையேட்டைத் தமிழிலும் படிக்கத் தெரிந்தவன் குடும்பத்தில் நான் ஒருவன்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

நான் வந்த நாள்முதல் லிப்ட் ஒழுகியது. பம்பு ஊட்டுகிற எண்ணெயில் பாதி, சிலிண்டருக்குள் அதை அடைத்து நிறுத்த வேண்டிய ரப்பர் சீலைத் தாண்டி வழிந்துவிடும். என்ஜினை நிறுத்தாமல் ஓடவிட்டும் தெரு நாளுக்கு இரண்டு விரல் இறங்கியது. புது சீல் போட்டால் சில வாரம் நிற்கும். பிறகு பழையபடி சொட்டும்.

தெரு முழு உயரத்தில் நின்றால் தெருமுனை வீட்டு ஆவுடையக்காவின் ஏணிக்கு ஏழு படி. காலையில் இறங்கும்போது எனக்குக் கேட்கும்படி எண்ணுவார்.

“அஞ்சு! போன வாரம் ஆறு, இன்னைக்கு அஞ்சு. ஏ தம்பி, கப்பலையே தூக்குன கைன்னு சொன்னாவளே. எங்க வீட்டு அம்மியத் தூக்க முடியலியா ஒனக்கு?”

கேலிதான். ஆனால் அவர் வீட்டுக்காரர் இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு கிடந்தார். தண்ணீர் வீட்டுக்குள் வந்தால் அவரை அசைக்க முடியாது. அது எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

சீல் மாற்ற வேண்டுமென்றால் லிப்ட்டிலிருந்து பாரத்தை இறக்க வேண்டும். அந்த நேரத்துக்கு ஊர் ஆண்கள் நாற்பது பேர் தெருவைத் தோளில் வாங்கிக்கொள்வார்கள். டிராக்டர்காரன் முதல் தோள் கொடுக்க வேண்டும் என்பது முறை. அதுவரை மாற்றிய ஆறு முறையும் நான் தெருவின் மூலையைத் தாங்கிக்கொண்டு நின்றேன். சீலை மெக்கானிக் நயினார் அண்ணாச்சி மாட்டினார். ஒவ்வொரு முறையும் ரப்பர் சரியில்லை என்று நினைத்து மேலும் உயர்ந்த ரப்பராக வரவழைத்தேன்.

ஏழாவது முறை, தோள்காரர்களுக்குத் தலைவரான சொரிமுத்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். “இதுதான் கடைசி. இனிமே ஒழுகுச்சுன்னா நீங்களாச்சு, ஒங்க தெருவாச்சு.” குளம் நிரம்ப ஒன்றரை அடி பாக்கி. வானம் கறுத்துக்கொண்டு நின்றது.

அன்று எனக்குத் தோள் வீங்கியிருந்ததால் விலக்குக் கொடுத்தார்கள். என் மூலையை ரேஷன் கடைக்காரர் வாங்கிக்கொண்டார். சீல் மாற்றும்போது நான் முதன்முறையாக வண்டியருகே நின்றேன்.

நயினார் அண்ணாச்சி சிலிண்டரைத் திறந்து பிஸ்டனை உருவினார். சிலிண்டரின் உட்சுவரைத் தடவிப் பார்த்தேன், ஒரு கீறல் இல்லை. அவர் புது சீலை எண்ணெயில் நனைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, மேகத்துக்குள் சூரியன் எங்கே இருக்கிறது என்று தேடினார்.

“என்ன அண்ணாச்சி பாக்கீங்க?”

“கெழக்கு எதுன்னு பாக்கேன் தம்பி.”

கிழக்கைக் கண்டுபிடித்து, சீலின் வாயை அந்தப் பக்கமாக வைத்து மாட்டப் போனார்.

இந்த சீல் ஒரு சின்னக் கிண்ணம் மாதிரி. அதன் வாய் எண்ணெய் வரும் பக்கம் பார்த்திருக்க வேண்டும். அப்போதுதான் எண்ணெய் உள்ளே புகுந்து விளிம்பை அகட்டிச் சுவரோடு ஒட்டவைக்கும். முதுகைக் காட்டினால் ஓரமாக வழிந்துவிடும். எங்கள் வண்டியில் எண்ணெய் முன்பக்கமிருந்து வருகிறது. சித்தப்பா காலத்தில் வண்டி கிழக்கே பார்த்து நின்றது. என்ஜின் புகை பள்ளிக்கூடத்துக்குள் போகிறது என்று மூன்று வருடம் முன்பு, சித்தப்பா காலமான கையோடு, மேற்கே திருப்பி அப்போதே சீலையும் மாற்றினார்கள். தெருவும் கூடவே திரும்பியது. சீல் மட்டும் திரும்பவில்லை.

“அண்ணாச்சி, வாய் மேற்கே பாக்கணும்.”

“மேற்கே பாத்து நான் ஒரு ஆணிகூட அடிச்சதில்ல தம்பி. முப்பது வருசமா இந்த வண்டிக்கு நான்தான் சீலு மாட்டுதேன். ஒங்க சித்தப்பா இருக்கும்போது ஒழுகுச்சா?”

“ஒழுகல.”

“அப்ப யாரு வந்த பொறவு ஒழுகுது?”

தெருவுக்கு அடியிலிருந்து சொரிமுத்துவின் குரல் வந்தது. “ஏ, ஞாயத்தைப் பொறவு பேசுங்கய்யா. கழுத்து உள்ள போவுது.”

மேலேயிருந்து ஆவுடையக்கா, “கொழம்பு ஒரு பக்கமாச் சாயுது! யாருல அது வடக்கு மூலையில குட்டையா நிக்கது?” என்றார்.

சீலைப் பிடுங்கி நானே மாட்டியிருக்கலாம். கையேடு என் பக்கம்தான். ஆனால் நாற்பது பேர் பார்க்க அவர் கையிலிருந்து அதைப் பிடுங்க எனக்கு மனமில்லை. அவருடைய கிழக்கு, அவருடைய முப்பது வருடம்.

“சரி அண்ணாச்சி, நீங்க கிழக்கே பாத்தே மாட்டுங்க. வண்டியைக் கிழக்கே திருப்பிக்கிடுவோம்.”

“தெரு?”

“தெரு இப்ப தோள்லதானே இருக்கு. சுத்தி எடுத்துக்கிட்டு வந்திரட்டும்.”

சொரிமுத்து, “நிக்கதுக்கு நடக்கது எவ்வளவோ மேல்” என்றார்.

நானும் நயினார் அண்ணாச்சியும் வண்டியைத் தள்ளித் திருப்பினோம். நாற்பது பேரும் கரையடித் தெருவைத் தூக்கிக்கொண்டு அரைவட்டம் நடந்தார்கள். பதினொரு வீட்டு ஓடுகளும் லேசாகக் கலகலத்தன. ரேஷன் கடை வாசலில் நின்ற வரிசை கலையவில்லை. ஆவுடையக்கா கட்டிலைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாகக் குளத்தையும், பள்ளிக்கூடத்தையும், பிறகு சொந்தக்காரர் வயலையும் பார்த்துக்கொண்டே வந்தார். வீட்டுக்காரர் ஐந்து மாதத்துக்குப் பிறகு வெளியூர் போய்வந்தது போல் இருக்கிறது என்றாராம்.

தெருவை மாட்டி லிப்ட்டை உயர்த்தினோம். ஏழு படி.

நான்காம் நாள் மறுகால் பாய்ந்தது. தண்ணீர் தெருவுக்கு அடியில் மூன்றடி கீழே சுழித்துக்கொண்டு போயிற்று. நான் டிராக்டரில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்தினேன். தெரு லிப்ட்டில் இருக்கும்போது என்ஜினை நிறுத்தியது மூன்று வருடத்தில் அதுதான் முதல் முறை. தெரு அப்படியே நின்றது. சிலிண்டருக்கு அடியில் வெள்ளைத் துணியை விரித்து ஒரு மணி நேரம் காத்திருந்தேன். துணி வெள்ளையாகவே இருந்தது. துறைமுகத்தில் நாற்பது டன் கிரேன்களைச் சரிசெய்திருக்கிறேன். அந்தத் துணியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டபோது நெஞ்சு நிமிர்ந்தது போல் அங்கே ஒருநாளும் நிமிர்ந்ததில்லை.

“கெழக்கே பாத்து மாட்டுனேன்லா” என்றார் நயினார் அண்ணாச்சி, கூடியிருந்த எல்லோரையும் பார்த்து.

“ஆமா அண்ணாச்சி” என்றேன்.

“ஏழு!” என்றார் ஆவுடையக்கா மேலிருந்து. “இன்னைக்கு எறங்கப் போறதில்ல. சும்மா சொல்லிப் பாத்தேன்.”

ஊர் அமைதியாக இருந்தது. அந்த அமைதியில்தான் அது கேட்டது. மண்ணுக்கு அடியில், வெகு ஆழத்தில், இன்னொரு என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

நயினார் அண்ணாச்சி தண்ணீர் எட்டாத மேட்டில் படுத்துக் காதை மண்ணில் வைத்தார். நெடுநேரம் கேட்டார்.

“நம்ம வண்டியவிடப் பழசு. டீசல் என்ஜின்தான். ஊரையே தூக்கிக்கிட்டு நிக்குது.” எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார். “ஒழுகுது தம்பி. ஊரு எறங்கிக்கிட்டிருக்கு.”

வருடாவருடம் மறுகால் தண்ணீர் ஏன் ஒரு விரல் கூடுதலாக வருகிறது என்பது சொரிமுத்துவுக்கு அப்போது புரிந்தது. அவர் எத்தனை தோள் வேண்டியிருக்கும் என்று கேட்டார்.

தண்ணீர் வடிந்ததும் என் வீட்டு முற்றத்திலிருந்து தோண்டத் தொடங்குவது என்று முடிவு செய்தேன்.