அடி மடிப்பில் பச்சைப் புள்ளி

கடை திறந்ததும் உதிரிபாகக் கடைக்காரர் செய்யும் முதல் வேலை புள்ளி வைப்பது. வந்த சரக்கில் போலிகளைத் தனியே எடுத்து, ஒவ்வொரு பெட்டியின் அடி மடிப்பிலும் பச்சைப் பேனாவால் கடுகளவு ஒரு புள்ளி வைப்பார். அட்டை, முத்திரை, எழுத்து எல்லாம் அசலைப் போலவே அச்சாகி வருவதால், சில நாள் அவருக்கே குழப்பம் வந்துவிடும். புள்ளி உள்ளது ஊருக்கு. புள்ளி இல்லாதது சொந்த வண்டிக்கும் சொந்தக்காரர்களுக்கும்.

"எல்லார்கிட்டயும் அசல்னுதானே சொல்றோம் மாமா?" என்று கடையில் கூட நிற்கும் மச்சினன் ஒருமுறை கேட்டான்.

"பொய் இல்லடா. ஓடற வரைக்கும் எல்லாமே அசல்தான்" என்றார் அவர். இருவரும் சிரித்தார்கள்.

அந்த வாரம் அவர் மகளுக்குத் தொலைவில் ஓர் ஊரில் வேலை கிடைத்தது. அவளைக் கொண்டுபோய் விடக் காரில் கிளம்பினார். மலையேறி, உச்சி தாண்டி, இறக்கம் தொடங்கும் இடத்தில் பிரேக் பெடல் சேற்றில் கால் வைத்ததுபோல் உள்ளே போயிற்று. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, சாலையோரத் தகரக் கொட்டகை ஒன்றின் முன்னால் வண்டி நின்றபோது அவர் முதுகெல்லாம் நனைந்திருந்தது. வீடு எங்கோ இருந்தது. போனில் சிக்னல் இல்லை. மேகம் மட்டும் கைக்கு எட்டும் தூரத்தில், யாருக்கும் உதவாமல் நகர்ந்துகொண்டிருந்தது.

கொட்டகை ஒரு வொர்க்‌ஷாப். கிரீஸ் படிந்த முழுக்கைச் சட்டையோடு ஒரு பெண் வெளியே வந்தாள். காரைப் பார்ப்பதற்கு முன்னால், பின் கண்ணாடியில் ஒட்டியிருந்த கடைப் பெயரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகுதான் வண்டிக்கு அடியில் புகுந்தாள்.

"பிரேக் சிலிண்டர் பழசாகிக் கசியுது. இதோட இறங்கினா கீழ போக மாட்டீங்க, மேலதான் போவீங்க."

"சாமான் இருக்காம்மா?"

"இருக்கே. உங்க கடைச் சரக்கே இருக்கு."

உள்ளே போய் ஒரு பெட்டியைத் தூசி தட்டி எடுத்து வந்து நீட்டினாள். அவர் வாங்கினார். மனம் யோசிப்பதற்குள் கை பெட்டியைக் கவிழ்த்துவிட்டது. கண் அடி மடிப்புக்குப் போய்விட்டது. பச்சைப் புள்ளி அங்கே இருந்தது.

"இது வேணாம்மா. வேற இருந்தா..."

"ஏன்? சீல்கூடப் பிரிக்கல. எங்க வீட்டுக்காரர் இதை ஜோடியா வாங்கினார். இன்னொண்ணை ஒரு வேனுக்கு மாட்டினார். அதோ, அந்த வளைவுலதான் வேன் பள்ளத்துல போச்சு. ஓட்டினவர் இவரோட உயிர்ச் சிநேகிதர். அப்புறம் இந்தப் பெட்டியத் தூக்கிக்கிட்டு உங்க கடைக்கு வந்தேன். என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?"

அவருக்கு நினைவில்லை.

"'மாட்டத் தெரியாதவன் மாட்டினா, தங்கத்துல செஞ்சாலும் இப்படித்தான்'னீங்க. ஊரும் அதையே பிடிச்சுக்கிச்சு. அன்னிக்கு ஸ்பேனரைக் கீழ வெச்சவர் இன்னும் தொடல."

கொட்டகைக்குள் ஓர் ஆள் தரையில் உட்கார்ந்து பழைய நட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

மகள் காரிலிருந்து இறங்கி வந்தாள். "நம்ம கடைச் சாமான்தானேப்பா, மாட்டட்டும். என்ன யோசனை?"

"அதையேதான் நானும் கேக்கறேன் பாப்பா" என்றாள் அந்தப் பெண். "வெலை பாக்கல, பேரு பாக்கல. உங்கப்பா நேரா அடியைத் திருப்பினாரு. அங்க என்ன இருக்கு?"

மகள் பெட்டியை வாங்கித் திருப்பினாள். புள்ளியைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"நீங்க வாயே திறக்க வேணாம் அய்யா" என்று அந்தப் பெண் தொடர்ந்தாள். "திறக்கலேன்னா இதை மாட்டி அனுப்பறேன். திறந்தா, உள்ள அசல் ஒண்ணு இருக்கு. ஆனா என்கிட்ட சொல்லி பிரயோஜனமில்ல. அவர்கிட்ட சொல்லணும்."

மகள் முன்னால் சொல்வதைவிட அந்தப் பள்ளமே மேல் என்று ஒரு நொடி அவருக்குத் தோன்றியது. ஆனால் பள்ளத்துக்கு அவளும் அல்லவா கூட வருவாள்? உள்ளே போனார்.

"அது போலிச் சரக்கு. தெரிஞ்சேதான் வித்தேன். நீங்க சரியாத்தான் மாட்டினீங்க."

நட்டு ஒன்று விரலில் நின்றது. "இன்னொரு தரம் சொல்லுங்க" என்றார் அந்த ஆள்.

சொன்னார்.

"சத்தமா. அவ காதுல விழணும்."

வாசலில் நின்ற மகளின் காதிலும் விழும்படி சொன்னார். அந்த ஆள் எழுந்தார். முழங்காலைத் தட்டிவிட்டு, சுவரில் தொங்கிய ஸ்பேனரை எடுத்தார். அசல் சிலிண்டரை அவரே மாட்டி முடித்தார்.

"மன்னிச்சிடும்மா" என்றார் கடைக்காரர், கிளம்பும்போது.

"அந்தச் சாமான் எங்ககிட்ட ஸ்டாக் இல்லீங்க" என்றாள் அவள். புள்ளி வைத்த பெட்டியை, காரில் ஏறியிருந்த மகளின் மடியில் வைத்தாள். பிறகு முன் ஜன்னலில் குனிந்தாள். "உங்க வண்டிக்கு அசல் போட்டாச்சு. ஆனா பின்னால இறங்கி வர்ற வண்டிக்கு எந்தப் பெட்டி போட்டிருக்கோ? வீட்டுக்கு ஒண்ணு, ஊருக்கு ஒண்ணுன்னு சாமானைப் பிரிக்கலாம் அய்யா. ரோட்டைப் பிரிக்க முடியாது. அடுத்தவனுக்கு வித்த சாவு உங்க பின்னாடியேதான் வரும். பாத்துப் போங்க."

இறக்கத்தில் பிரேக் கச்சிதமாகப் பிடித்தது. ஆனால் முதல் வளைவிலேயே கண்ணாடியில் ஒரு லாரி தெரிந்தது. ஒதுங்கி நின்று அதற்கு வழிவிட்டார். அடுத்து ஒரு வேன் வந்தது. அதற்கும் ஒதுங்கினார்.

"அப்பா" என்றாள் மகள், பெட்டியிலிருந்து கையை எடுக்காமல். "பின்னால வர்ற பஸ் நம்ம ஊர் வண்டி."

சிக்னல் வந்ததும் ஓரமாக நிறுத்தி மச்சினனைக் கூப்பிட்டார். "புள்ளி வெச்சதையெல்லாம் எடுத்து நசுக்கு. வாங்கிட்டுப் போன ஒருத்தர் விடாம கூப்பிட்டு, கழட்டச் சொல்லு."

"என்ன மாமா, யாராவது பிடிச்சிட்டாங்களா?"

"இன்னும் இல்லடா" என்றார் அவர், கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல். "பின்னாலயே வந்துகிட்டிருக்காங்க."