பொத்தான் ஊரில் மட்டி நடுதல்

1

இந்தக் கதை மிசிசிப்பிக் கரையில் நடக்கிறது. ஆனால் எனக்கு அது கிடைத்தது கனடாவில், மில்லிக்கன் பக்கத்து பிளாசா ஒன்றின் தேநீர்க்கடையில். எதிரே ஸ்டெபனி அழாமல் இருக்க முயன்றுகொண்டிருந்தாள்.

ஸ்டெபனி என் சிநேகிதி அன்ரனெற்றின் மகள். அன்ரனெற் இறந்த பிறகு அஜக்ஸ் நகர வீட்டில் அவளும் தகப்பன் இக்னேசியஸும் மட்டுந்தான். ஆற்று உயிரினங்களைப் பற்றிப் படித்தவள். போன வருடம் அமெரிக்காவில், ஆற்றோரச் சிற்றூர் ஒன்றில், மட்டிச் சிப்பி வளர்க்கும் நிலையத்தில் தற்காலிக வேலை கிடைத்துப் போனாள். இப்போது நிரந்தரமாக இருக்கச் சொல்கிறார்களாம்.

"வேண்டாமெண்டு சொல்லப்போறன் அன்ரி. அப்பா தனிய."

2

நான் முதலில் எழுதிய தொடக்கம்:

"ஆலைச் சங்கு ஊதியதும் மேரி தன் ஈரக் கைகளை—"

[மேரியை இங்கேயே நிறுத்திவிட்டேன். நூறு வருடத்துக்கு முந்திய பொத்தான் ஆலையில் ஒரு பெண் என்ன நினைத்தாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?]

தெரிந்தது இவ்வளவுதான். அந்த ஊர் ஆண்கள் ஆற்றின் அடியை வாரி மட்டி அள்ளினார்கள். கரையில் அவித்துச் சதையை நீக்கினார்கள். ஓட்டிலிருந்து வட்டம் வட்டமாக வெட்டிச் சட்டைப் பொத்தான் செய்தார்கள். ஊர் எழும்பியது, ஆறு வெறுமையானது. பிறகு பிளாஸ்ரிக் வந்தது. ஆலைகளும் பூட்டப்பட்டன. ஸ்டெபனியின் வேலை, அதே ஆற்றில் மட்டியைத் திரும்ப நடுவது.

(ஊரின் பெயரைத் தேடாதீர்கள். அது என் கற்பனை ஊர்.)

3

இக்னேசியஸ் அண்ணையைக் கோபக்காரராக எழுதியிருந்தேன். "'மட்டிக்குச் சோறு தீத்தவோ உன்னைப் படிப்பிச்சனான்?' என்று மேசையில் ஓங்கி அடித்து—"

பிரதியை வாசித்துவிட்டு ஸ்டெபனி எனக்குப் போன் எடுத்தாள்.

"அப்பா கத்தவேயில்லை அன்ரி. ஹி ஜஸ்ற் வென்ற் குவயற். சாப்பிடக் கூப்பிட்டா பசியில்லை எண்டுவார்."

அந்த வரியை வெட்டினேன். கத்துகிற அப்பாவை எழுதுவது சுகம். பேசாத அப்பாவை வைத்துக்கொண்டு கதையை எப்படி நகர்த்துவது?

அவரே நகர்த்தினார்.

4

வேலைக்குப் பதில் சொல்ல வேண்டிய கிழமை. அதற்கு முன் அந்தப் பருவத்தின் கடைசி நடுகை என்று ஸ்டெபனி திரும்பிப் போயிருந்தாள். இக்னேசியஸ் அண்ணை ஒருவருக்கும் சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு 401 நெடுஞ்சாலையில் ஏறினார்.

"போடரில என்ன அலுவல் எண்டு கேட்டான்," என்று எல்லை அதிகாரியைப் பற்றிப் பிறகு எனக்குச் சொன்னார். "மகள் ஆத்தில மட்டி நடுறாள், பாக்கப் போறன் எண்டன். சிரிச்சுப்போட்டு விட்டிட்டான்."

ஆற்றங்கரையில் ஸ்டெபனியோடு நடந்த அவர் காலடியில் பழைய ஓடுகள் நொறுங்கின. ஒன்றை எடுத்துப் பார்த்தார். முழுக்க வட்ட ஓட்டைகள்.

"எல்லாம் பொத்தானுக்கு வெட்டினதோ?"

"ஓம் அப்பா."

"அவங்களும் வயித்துப்பாட்டுக்குத்தானே செய்திருப்பாங்கள்." கனடா வந்த புதிதில் அவரும் ஆலையில் வேலைக்கு நின்றவர்.

"நான் ஒருத்தரையும் பிழை சொல்லேல்லை. எடுத்ததைக் கொஞ்சம் திருப்பிக் குடுக்கிறம்."

அவருக்கும் நெஞ்சுவரை ஏறும் ரப்பர் காற்சட்டை கொடுத்தாள். உள்ளங்கையில் ஒரு மட்டியை வைத்தாள். அவர் தண்ணீருக்குள் இறங்கிக் குனிந்தார்.

"உந்தப் பக்கமோ மேல?"

"மற்றப் பக்கம்."

மணலில் மெதுவாக அழுத்தினார். "உது பெரிசாக எவ்வளவு காலம் செல்லும்?"

"பத்துப் பன்ரெண்டு வருசமாவது வேணும்."

"அப்ப ஆர் வந்து பாக்கிறது?"

அவள் அடுத்த மட்டியை எடுத்தாள்.

[இந்த இடத்தில் ஆற்றைப் பற்றி ஒரு பந்தி எழுதி அழித்தேன்.]

"நீதான் நிண்டு பாக்கவேணும்," என்றார். "நான் வந்து வந்து போவன். கார் இருக்குத்தானே."

ஸ்டெபனி தண்ணீருக்குள் நின்றபடியே அவரைக் கட்டிப்பிடித்தாளாம். இரண்டு பேரும் விழப் பார்த்தார்களாம்.

5

அவள் வேலையை ஏற்றுக்கொண்டாள். எனக்குத் தெரிந்தது அதுவரைதான்.

முடிவு அ: மட்டிகள் பெருகி, ஆற்றின் அடி மறுபடியும் நிறைகிறது.

முடிவு ஆ: அடுத்த வெள்ளத்தில் நட்டதெல்லாம்—

[இதை முடிக்க மனம் வரவில்லை.]

ஸ்டெபனிக்கு இரண்டும் பிடிக்கவில்லை. "எனக்கே தெரியாது அன்ரி. தண்ணி வத்தினாப் பிறகு இறங்கித் தடவிப் பாத்தாத்தான் தெரியும்."

தண்ணீர் வற்றும் அந்தக் கிழமைக்கு இக்னேசியஸ் அண்ணை இப்போதே லீவு கேட்டு வைத்திருக்கிறார்.

ஆகவே நீங்களே சொல்லுங்கள். நட்டதில் எத்தனை பிழைத்திருக்கும்?

கொஞ்சம் கூட்டியே சொல்லுங்கள்.