ஒரு மில்லி செகண்டு தூரம்

கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை அவளுக்கு. விடுமுறை நாளில் ஆடுவது ஒரு பழைய கார் விளையாட்டு. எதிராளியின் காரை இடித்துப் பாலத்திலிருந்து தண்ணீரில் தள்ள வேண்டும், அவ்வளவுதான். தயாரித்த நிறுவனம் எப்போதோ அதைக் கைகழுவிவிட்டது. ஆசை விடாத சிலர் தங்கள் வீட்டுக் கணினியிலேயே சர்வர் வைத்து ஆட்டத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். எந்த சர்வர் திறந்திருக்கிறது, உள்ளே எத்தனை பேர், எவ்வளவு தொலைவு என்று தேடிக் காட்ட ஒரு சின்ன மென்பொருள் இருந்தது. தகவல் போய்த் திரும்பும் நேரத்தை வைத்துத் தொலைவைச் சொல்லும். எண் சிறியதென்றால் சர்வர் பக்கத்தில் என்று அர்த்தம்.

அன்று மத்தியானம் தேடியபோது எல்லா சர்வரும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தன. கடைசியில் மட்டும் புதிதாக ஒன்று: 'வாங்க, இடிங்க'. உள்ளே ஒரே ஓர் ஆள். தொலைவு ஒரு மில்லி செகண்டு. மென்பொருளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே நுழைந்தாள்.

நுழைந்ததும் ஒரு மஞ்சள் கார் முட்ட, தொபுக்கடீரென்று தண்ணீரில் விழுந்தாள். கீழ் வீட்டில் யாரோ கெக்கெக்கே என்று சிரித்தார்கள். மறுபடி விழுந்தாள், மறுபடி சிரிப்பு.

கீழ் வீட்டில் இருப்பவர் அவளுடைய நாத்தனார். நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தர். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் 'ஜட்ஜம்மா' என்பார்கள். கல்யாணமான நாளிலிருந்து இவளிடம் பேசியதெல்லாம் தண்ணீர் மோட்டாரைப் பற்றித்தான். அந்த வாயிலிருந்தா இந்தச் சிரிப்பு? சந்தேகம் தீர, காரைத் தானே தண்ணீரில் இறக்கினாள். கீழே மேசையைத் தட்டித் தட்டிச் சிரிக்கும் சத்தம்.

இரண்டு மாடிக்கும் ஒரே வைஃபை.

மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு தடதடவென்று படி இறங்கினாள். கதவு திறந்திருந்தது. ஜட்ஜம்மா முடி கலைந்து, கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருந்தார்.

"அண்ணி, அந்த மஞ்சள் கார் நீங்களா?"

முகம் ஒரு நொடி கோர்ட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது.

"தானா தண்ணில குதிச்ச லூசு நீதானா?"

இருவரும் வெடித்துச் சிரித்தார்கள். நாத்தனார் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நாளெல்லாம் அடுத்தவர் சண்டையை எழுதி அலுத்துப்போய், நாமும் ஒரு சண்டை போடலாமே என்று சர்வர் வைத்தாராம். ஆள்தான் வரவில்லை, தன் பாலத்தில் தானே சுற்றிக்கொண்டிருந்தாராம்.

மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மேலே ஆளைக் காணாமல் கீழே தேடி வந்த கணவன், வாசலில் நின்று என்ன நடக்கிறது என்று கேட்டான். அக்கா தலையைத் தூக்கவில்லை.

"டேய், போய் டீ போடு. உன் பொண்டாட்டிய இன்னும் ஒரே ஒரு தடவ தள்ளிட்டு வர்றேன்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் மஞ்சள் கார் தண்ணீரில் கிடந்தது.