அடைப்புக்குள் ஒரு சொல்

நான்கு நேச நாடுகளின் கூட்டறிக்கையில் ஒரே ஒரு சொல் மட்டும் இன்னும் அடைப்புக்குறிக்குள் இருந்தது: 'உயிரிழந்த'. எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்டால்தான் அடைப்பை எடுப்பார்கள். எதிரி மூழ்கடித்த கூட்டு ரோந்துக் கப்பலைப் பற்றிய அறிக்கை அது; அந்தக் கப்பலின் மருத்துவர், அறிக்கையைத் தட்டச்சு செய்பவனின் மனைவிதான். ஒருவரும் தப்பவில்லை என்பது அந்த அறைக்கே தெரியும்.

"செத்துட்டாங்கன்னு எழுதினா ஒப்பந்தப்படி சண்டைக்குப் போகணும். ஒரு நாடு பின்வாங்குது தம்பி. 'காணாமல்போன'ன்னு போட்டுடுங்க," என்றார் அவனுடைய துறை இயக்குநர், அவன் முகத்தைப் பார்க்காமல்.

மாற்றினான். அடைப்பை எடுத்தான். தூதர்கள் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

மாலையில் மாமியார் அழைத்தார்.

"மாப்ளே, டிவியில காணாமப்போனவங்கன்னுதான் சொன்னாங்க! அவ நீச்சல்ல கெட்டிக்காரின்னு நான் அன்னிக்கே சொல்லல? அவ துணிமணியை யாருக்கும் குடுத்துடாதீங்க."



"சரிங்க அத்தை," என்றான்.