இஞ்ஞாசியின் நேர்த்திக்கடன்

சிங்கப்பூரின் ஈசூனுக்கு ரயில் வந்த வருஷம் இஞ்ஞாசியின் பெருங்குடலில் ஒரு கட்டி இருப்பது தெரிந்தது. புற்றாக இருக்கலாம் என்றார் டாக்டர் பரமசிவம். "முதல்ல கீழ்வழியா குழாய் விட்டு எடுக்கப் பார்ப்போம். முடியலைன்னா அப்பவே வயித்தைத் திறந்துடுவோம்."

கத்தி என்றால் இஞ்ஞாசிக்கு உதறல். அன்று மாலையே ஃபேரர் பார்க் பக்கத்து மாதா கோயிலில் மண்டியிட்டு, "தாயே, வயித்தைக் கிழிக்காம முடிஞ்சா இனிமே கோயில்ல பாடவே மாட்டேன்" என்று எல்லார் காதிலும் விழும்படி நேர்ந்துகொண்டார்.

அவர் பாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வாயைத் திறந்தால் கூரைப் புறாக்கள் பறந்துவிடும், கைக்குழந்தைகள் வீறிடும். மனுஷன் தங்கமானவர், குரல்தான் காதால் கேட்கச் சகிக்காது. செய்தி பரவியதும் அந்தக் கோயிலின் பங்கு மக்கள் மொத்தமாக ஜெபத்தில் இறங்கினார்கள். பாடகர் குழுத் தலைவர் அந்தோனி உபவாசமே இருந்தார். கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்தது அல்லவா!

மனைவி பிலோமினம்மாளும் ஜெபித்தாள். குளியலறைப் பாட்டும் சேர்ந்து நிற்குமா என்று அவளுக்கு ஒரு நப்பாசை. ஆனால் ஆபரேஷன் அறை வாசலில் உட்கார்ந்தபோது அந்த ஆசை எங்கேயோ போய்விட்டது. மனுஷன் உயிரோடு வந்தால் போதும் என்று கைக்குட்டையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

டாக்டர் வெளியே வந்தார். "குழாயால முடியலைம்மா. வேர் ஆழமா போயிருந்துச்சு. திறந்து, அந்தத் துண்டுக் குடலையே வெட்டி எடுத்துட்டோம். குழாயோட விட்டிருந்தா பாதி உள்ளேயே தங்கியிருக்கும். நல்லா இருக்கார்."

"ஐயோ, திறந்துட்டீங்களா?" என்று அலறியவர் துணைக்கு வந்திருந்த அந்தோனி. பிலோமினம்மாள் அழுதுகொண்டே சிரித்தாள்.

மறுநாள் இஞ்ஞாசி போர்வையை விலக்கிப் பார்த்தார். ஒரு சாண் நீளத்துக்குக் கட்டு. முகம் மலர்ந்துவிட்டது. "கிழிச்சுட்டாங்களா? அப்ப நான் பாடலாம்லா!" என்று ஒரு மாதா பாட்டை எடுத்தார். இரண்டாவது அடியிலேயே தையல் சுண்டி இழுக்க, பாட்டு நின்றது. எதிர்க் கட்டில்காரர் தலையணையால் காதை மூடிக்கொண்டார். நர்ஸ் கடிந்துகொள்ள ஓடி வந்தாள்.

"விடுங்க மிஸ்ஸி, பாடட்டும்," என்றாள் பிலோமினம்மாள். ஆனால் இஞ்ஞாசியால் முடியவில்லை. கல்யாணமானதிலிருந்து அவரோடு ஒரு வரிகூடப் பாடாதவள், அவர் கையைப் பிடித்துக்கொண்டு மீதிப் பாட்டைத் தானே பாடினாள்.

அவள் குரல் அவருடையதைவிட மோசம்.

"போதும் பிலோமி, சிரிக்க வைக்காதே," என்று மற்ற கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார் இஞ்ஞாசி. "தையல் பிரிஞ்சுடும்லா!"