நாலாம் கிடங்கின் சீல்

நாலாம் கிடங்கின் சீல் பதினோராவது தடவையாக அறுந்து கிடந்தது. கிடங்கைத் திறந்து எண்ணினார்கள். வயர்லெஸ் பேட்டரி அறுநூற்றுப் பன்னிரண்டு இருக்க வேண்டும். அறுநூற்றுப் பன்னிரண்டும் இருந்தது.

"திருடன் வந்து எண்ணிப் பார்த்துட்டு, சரியா இருக்குன்னு திருப்தியா வீட்டுக்குப் போயிடறான் போலிருக்கு," என்றார் கிளார்க் அண்ணன்.

சார்ஜன்ட் சிரிக்கவில்லை. அந்த முகாமின் பாதுகாப்புத் திட்டம் அவள் எழுதியது. எந்தக் கதவுக்கு எந்தப் பூட்டு, எந்த மூலையில் எத்தனை பேர், யார் எப்போது மாற வேண்டும் என்று இருபத்து நான்கு வரிகள். இரண்டு மாதத்துக்கு முன் தலைமையகத்துக்குப் போய், பாராட்டோடு திரும்பி வந்து, இரண்டு வாரமாக நடப்பில் இருக்கும் திட்டம். அதில் மிக அதிகக் காவல் நாலாம் கிடங்குக்குத்தான். அங்கேதான் சீல் அறுகிறது. சாக்கு மூட்டை அடுக்கிய ஆறாம் கிடங்கை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அங்கே எல்லாம் பத்திரம்.

சீல் என்பது மெல்லிய முறுக்குக் கம்பியும் அதன் நுனியில் நசுக்கிய ஈய வில்லையும்தான். வில்லையில் ஒரு எண் இருக்கும். மாலை ஆறு மணிக்குக் கிடங்கைப் பூட்டிச் சீல் வைப்பார்கள். காலை எட்டு மணிக்குத் திறப்பார்கள். இடையில் அறுந்தால் உள்ளே இருப்பது முழுவதையும் எண்ணியாக வேண்டும். ஆறு பேருக்கு அரை நாள் வேலை. அந்த ஆறு பேரும் வடக்கு வேலியைச் சரி செய்ய வேண்டியவர்கள். வேலியில் ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஓட்டை. இரண்டு வாரமாக அப்படியே இருக்கிறது.

பதினோரு தடவையும் காவலில் இருந்தவன் ஒருவனே. ஆள் ஆறடி இரண்டு அங்குலம். எல்லோரும் அவனை மலை என்றுதான் கூப்பிட்டார்கள். காலை ஆறிலிருந்து எட்டு வரை அவன் காவல். காய்ச்சலில் மூன்று நாள் படுத்திருந்தான். அந்த மூன்று நாளும் சீல் முழுசாக இருந்தது. அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? வெள்ளிக்கிழமை மேஜர் முன் விசாரணை. குற்றம் பதிவானால், இரண்டு வருடமாகக் காத்திருந்த டிரைவர் பயிற்சிப் பட்டியலிலிருந்து மலையின் பெயரை அடித்துவிடுவார்கள்.

புதன்கிழமை காலை சார்ஜன்ட் அவனைக் கிடங்கு வாசலிலேயே பிடித்தாள்.

"நேராக் கேக்கறேன். நீதான் அறுக்கறியா?"

"எதுக்கு மேடம் அறுக்கணும்? அறுந்தா உக்காந்து எண்ணற ஆறு பேர்ல நானும் ஒருத்தன். பேட்டரி நம்பர் எல்லாம் கனவுல வருது."

"அப்போ எப்படி அறுகுது?"

"தெரியலை மேடம். நான் வந்து தொட்டா கையோட வருது. நம்ம ராசி அப்படி."

அவன் பொய் சொல்கிற மாதிரி இல்லை. பொய் சொல்கிறவன் இதைவிட நல்ல கதையாகச் சொல்லியிருப்பான். திருடனும் இல்லை, திருட்டும் இல்லை, ஆனால் சீல் மட்டும் தினமும் காயம்படுகிறது. இது அவள் மண்டையைக் குடைந்தது. அறுந்த கம்பித் துண்டு ஒன்றைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்து, கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

அவள் கணவன் சைக்கிள் பழுது பார்ப்பவன். வீட்டின் முன்னறையே அவன் பட்டறை. சாயங்காலம் அவள் உள்ளே வந்தபோது ஒரு சக்கரத்தைத் தலைகீழாகப் போட்டுச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"இதைப் பாரு. எதால வெட்டியிருப்பாங்க? கட்டிங் பிளேயரா, கத்தரியா?"

கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினான். ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தான்.

"யாரு வெட்டினா?"

"அதைத்தானே உன்னைக் கேக்கறேன்."

"இது வெட்டினது இல்லம்மா. வெட்டினா முனை தட்டையா, பளபளன்னு இருக்கும். இது பிரிபிரியா நிக்குது பாரு. ஆட்டி ஆட்டி அறுந்தது. பிரேக் கம்பி இப்படித்தான் போகும். ஒரே நாள்ல போகாது, ஆனா போற அன்னிக்கு யாரு பிடிச்சானோ அவன்தான் திட்டு வாங்குவான்."

அவள் காலணியைக்கூடக் கழற்றாமல் பைக்குள்ளிருந்து தன் திட்டத்தை எடுத்துப் புரட்டினாள். ஒன்பதாவது வரியில் விரல் நின்றது. 'நாலாம் கிடங்கில் மட்டும், ஒவ்வொரு காவல் மாற்றத்தின்போதும் போகிறவர், வருகிறவர், காவல் தலைவர் மூவரும் சீலைக் கையால் இழுத்துச் சோதிக்க வேண்டும்.' எழுதும்போது எவ்வளவு பெருமையாக இருந்தது அந்த வரி!

மறுநாள் அலுவலகத்தில் புதுச் சீல் மூன்று கேட்டாள்.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன எழுதட்டும்?" என்றார் கிளார்க் அண்ணன்.

"சந்தேகம்னு எழுதுங்கண்ணே."

"சந்தேகத்துக்கெல்லாம் சீல் குடுத்தா எனக்கு வருஷத்துக்கு ஆயிரம் வேணும்மா," என்று முனகிக்கொண்டே எழுதினார்.

மேஜைக் கால் ஆணியில் சீலை மாட்டி இருவரும் மாறி மாறி இழுத்தார்கள். அவர் சத்தமாக எண்ணினார். முதல் சீல் பதினேழில் போனது. இரண்டாவது பதினெட்டில். மூன்றாவது மறுபடி பதினேழில்.

அவள் தாளில் கணக்குப் போட்டாள். ஆறு மணிக்குச் சீல். எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என ஐந்து மாற்றம். மாற்றத்துக்கு மூன்று இழுப்பு, ஆக பதினைந்து. காலை ஆறு மணி மாற்றத்தில் போகிறவர் பதினாறாவது. வருகிறவர் பதினேழாவது. வருகிறவன் மலை.

"அடப்பாவமே," என்றார் கிளார்க் அண்ணன். "அப்போ காய்ச்சல்ல இருந்த மூணு நாள்?"

அந்த மூன்று நாளும் மலைக்குப் பதில் நின்றவனைக் கூப்பிட்டு விசாரித்தாள். அவன் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தான், கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான்.

"உண்மையைச் சொன்னா ஒண்ணும் செய்ய மாட்டீங்களே மேடம்?"

"சொல்லு."

"நான் இழுக்கவே இல்லை. கண்ணால பாத்தாலே தெரியுதே. அந்தக் குளிர்ல பாக்கெட்லேர்ந்து கையை யாரு எடுப்பா? காவல் தலைவரும் தூரத்துல இருந்தே தலையாட்டிட்டுப் போயிடுவாரு."

சொன்னபடி செய்தவன் குற்றவாளி. செய்யாதவன் நல்ல பிள்ளை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. மலை தப்பிக்க வேண்டுமானால் ஒன்பதாவது வரியை மேஜர் முன் படிக்க வேண்டும். பாராட்டு வாங்கிய வரியை, எழுதியவள் வாயாலேயே.

"யோசிச்சுக்கோம்மா," என்றார் கிளார்க் அண்ணன். "கம்பி மட்டம்னு எழுதினாலும் முடிஞ்சுபோகும். கம்பி வாய் திறந்து இல்லைன்னு சொல்லப்போறதில்லை."

"மத்த கிடங்குலயும் அதே கம்பிதானே அண்ணே? அங்கெல்லாம் ஏன் அறுகலைன்னு கேப்பாரு."

வெள்ளிக்கிழமை மலை இஸ்திரி போட்ட சட்டையில் சுவரோடு சுவராக நின்றான். சார்ஜன்ட் ஒன்பதாவது வரியைப் படித்து, இழுப்புக் கணக்கைச் சொன்னாள். மேஜர் எல்லாவற்றையும் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு ஒரு சீலை வாங்கித் தானே இழுக்க ஆரம்பித்தார். அறையில் எல்லோரும் மனசுக்குள் எண்ணினார்கள். பதினேழு. பதினெட்டு. அறுகவில்லை. பத்தொன்பதில் ஈய வில்லை அவர் மேஜைமேல் டொக்கென்று விழுந்தது.

"எனக்கு வயசாயிடுச்சு போல," என்றார் மேஜர். அறுந்த முனையை விரலால் தடவிப் பார்த்தார். "கேஸ்னு ஒண்ணு திறந்தாச்சு. மூடணும்னா ஒரு பேரு எழுதணுமே சார்ஜன்ட். யார் பேரை எழுத?"

"திட்டம் எழுதினவ பேரை எழுதுங்க சார்."

அவர் எழுதினார். ஒரு வரிதான். எழுதி முடிக்கும் வரை அவள் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மலையின் குற்றத் தாளில் குறுக்கே கோடு போட்டு, அதைக் கிழித்து, பயிற்சிப் பட்டியலைத் தனியாக எடுத்து வைத்தார். "தலைமையகத்துக்கு நீங்களே திருத்தி அனுப்புங்க. எண்ணற ஆறு பேரும் நாளையிலேர்ந்து வேலிக்குப் போகட்டும்."

வெளியே வந்ததும் மலை ஓடி வந்தான்.

"மேடம், இனிமே இழுக்கணுமா, வேணாமா?"

"தொடவே கூடாது. நம்பரை மட்டும் படிச்சு எழுதிக்கணும்."

"கை சும்மா இருக்காதே மேடம். பழகிப்போச்சு."

"சும்மா இல்லேன்னா பின்னாடி கட்டிக்கோ. இனிமே ஸ்டீயரிங் பிடிக்கப் போற கை அது."

அவன் பல் தெரியச் சிரித்துக்கொண்டு போனான். ஆறு மணி வெளிச்சத்தில் அவன் அந்தச் சீலை நம்பிக்கையோடு பிடித்து இழுத்திருப்பதை அவள் நினைத்துப் பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்து எழுதிய ஒரு வரி, ஒருவனுடைய விரலில் போய் என்னவாக மாறிவிடுகிறது! அப்படியானால் மற்ற இருபத்து மூன்று வரிகள்? அதையெல்லாம் இந்த முகாமில் யார், எந்த இடத்தில், என்னவாகச் செய்துகொண்டிருக்கிறார்கள்?

திருத்தம் எழுத மேஜைக்குப் போக வேண்டியவள் போகவில்லை. திட்டத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, முதல் வரி சொல்லும் பெரிய வாசலை நோக்கி நடந்தாள். வாசல் காவலாளி அவளைப் பார்த்ததும் விறைத்து நின்றான்.

"நிக்க வேணாம். நான் இல்லாதப்போ என்ன செய்வியோ அதைச் செய், பாக்கறேன்," என்று ஓரமாகக் கிடந்த கல்லில் உட்கார்ந்தாள்.