குழியில் ஊறிய தண்ணீர்

குழிக்குள் இறங்கி நின்று சாமுவேல் குடத்தால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றினான். ஊற்ற ஊற்ற, தண்ணீர் மறுபடியும் முழங்காலுக்கு ஏறியது. மேலே, மாசி வெயிலில் நிலம் முழுக்க உப்புப் பூத்து வெளுத்துக் கிடந்தது.

"முடியலக்கா. மேட்டுப் பக்கத்துலேர்ந்து ஊறிக்கினே கீது."

ஜெயமணி திரும்பிப் பார்த்தாள். வேப்பமரத்தடியில் சவப்பெட்டிக்குள் அவர்களைப் பெற்ற நைனா கிடந்தார். நேற்று மேட்டில் கிருஷ்ணசாமியின் கரும்புக்குத் தண்ணீர் கட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாத்தியிலேயே விழுந்தவர். என் நிலத்திலேயே புதையுங்கள் என்று எப்போதோ சொல்லிவைத்திருந்தார். கூலியாளாகவே காலம் தள்ளிய தானியேலுக்கு சர்க்கார் கொடுத்த ஒரே நிலம் இந்தப் பள்ளம்.

இதிலும் நெல் விளைந்த காலம் உண்டு. மேட்டில் ஓய்வொழிச்சல் இல்லாமல் மோட்டார் ஓடும். பாய்கிற தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, அங்கிருக்கிற உப்பைக் கரைத்துக்கொண்டு பள்ளத்தில் வந்து கசியும். ஓரத்து வடிகால் அதை வாங்கி ஓடையில் விட்டுவிடும். டிராக்டர் போக வழி வேண்டுமென்று கிருஷ்ணசாமி அந்த வடிகாலைத் தூர்த்தார். அதற்கப்புறம் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. வெயில் தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பை மட்டும் விட்டுவைத்தது. குறுக்கே ஒரு குழாயாவது புதைத்துக் கொடுங்கள் என்று நைனா எத்தனை தடவை கைகட்டி நின்றார்!

"உனுக்குப் பயிர் வெக்கத் தெரியல தானியேலு. மண்ணு மேல இன்னாத்துக்குப் பழி போடற?" என்று ஊர் பார்க்கச் சிரித்து அனுப்பினார் அந்த மனுஷன். தன் நிலத்தைக் கெடுத்த தண்ணீரைச் சாகிறவரைக்கும் தன் கையாலேயே திருப்பிவிட்டாரே நைனா.

அதே கிருஷ்ணசாமி இப்போது மாலையோடு வந்து நின்றார்.

"இன்னாடா, இன்னும் அடக்கம் பண்ணலியா? பொழுது போவுதில்ல?"

ஜெயமணி மண்வெட்டியை எடுத்தாள். நேரே டிராக்டர் வழிக்குப் போய், வடிகால் இருந்த இடத்தில் ஓங்கி வெட்டினாள்.

"இன்னாமே பண்ற?"

"எங்க நைனாவத் தண்ணியிலயா போடச் சொல்ற நீ?"

அவரை அந்த ஊரில் யாரும் நீ போட்டுப் பேசியதில்லை. சாமுவேல் குழியிலிருந்து ஏறிவந்து அக்கா பக்கத்தில் வெட்டத் தொடங்கினான். பிறகு கூட்டத்திலிருந்து இன்னும் நாலு பேர் வந்தார்கள். பிணத்தை வைத்துக்கொண்டு தகராறு பண்ணக் கிருஷ்ணசாமிக்குத் துணிச்சல் இல்லை. குழியிலிருந்து ஒரு வாய்க்கால் பிரித்து வடிகாலில் சேர்த்தார்கள். வெகுநாள் கட்டிக்கிடந்த தண்ணீர் கலங்கலாக ஓடைப் பக்கம் இறங்கியது.

குழி வடிந்ததும் பெட்டியை இறக்கினார்கள். போதகர் ஜெபம் முடித்ததும் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். கிருஷ்ணசாமியும் போட்டுவிட்டுத் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"காரியம் முடிஞ்சிச்சி இல்ல சாமுவேலு. வழிய மூடிட்டுப் போங்க. காலைல வண்டி வரணும்."

சாமுவேல் அக்காவைத் தேடினான். அவள் வெட்டின இடத்துக்குள் இறங்கி நின்றிருந்தாள். மண்வெட்டி கையிலேயே இருந்தது. அவள் காலைச் சுற்றிக்கொண்டு தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.